பனியில் போன கால்கள்: ஹ்யூ ஹெர் என்ற பொறியாளர்

செயற்கைக் கால் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஜெய்ப்பூர் கால். 1960களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரையும் மரத்தையும் வைத்து உருவாக்கியது. கூடவே சுதா சந்திரனும் நினைவுக்கு வருவார். 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தால் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் காலைக் கட்டிக்கொண்டு மறுபடியும் மேடையேறிப் பரதம் ஆடியவர். 'மயூரி' படத்தில் அவர் கதையை அவரே நடித்ததைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் நம்மில் குறைவு.

ஜெய்ப்பூர் காலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதை மாட்டிக்கொண்டு குந்தி உட்காரலாம், சம்மணம் போடலாம், செருப்பில்லாமல் வயல் சேற்றில் இறங்கலாம். ஆனால் அதனாலும், அந்தக் காலத்தில் உலகில் இருந்த எந்தச் செயற்கைப் பாதத்தாலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருந்தது. அது உந்துவது.

எழுந்து நாலடி மெதுவாக நடந்து பாருங்கள். குதிகால் முதலில் தரையைத் தொடும். உடம்பு பாதத்தின் மேல் உருண்டு முன்னே போகும். கடைசியில், கால் தரையை விட்டுக் கிளம்பும் முன், கெண்டைக்கால் தசை சுருங்கிக் கணுக்கால் வழியாக உடம்பை ஒரு தள்ளு தள்ளும். நமக்குத் தெரியாமலே ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு இந்தத் தள்ளுதல் இல்லை. அதற்கு ஈடாக இடுப்பும் தொடையும் முதுகும் அதிகம் உழைக்க வேண்டும். சாதாரணச் செயற்கைப் பாதத்துடன் நடப்பவர் நம்மைவிட 10 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் சக்தியைச் செலவிடுகிறார் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் தெருவில் செயற்கைக் காலோடு நடப்பவர் சீக்கிரம் களைத்துப் போவதும், சில வருடங்களில் முதுகு வலி என்று சொல்வதும் இதனால்தான்.

இந்தத் தள்ளுதலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாழ்க்கையைச் செலவழித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹ்யூ ஹெர். அவருக்கே இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அதை வைத்து மட்டும் அவரைப் பற்றி எழுதினால் 'தன்னம்பிக்கைக் கதை' ஆகிவிடும். அப்படிப்பட்ட கதைகள் வாட்ஸ்அப்பில் தினமும் நாலு வருகின்றன. எனக்குப் பிடித்தது அவர் நாற்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டு வந்த கேள்விகளின் வரிசை. ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் அதற்கடியில் இன்னொன்று இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

ஹெர் 1964இல் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் ஊர். மென்னோனைட் என்ற எளிய வாழ்க்கை முறைக் கிறிஸ்தவக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. படிப்பில் நாட்டமில்லை. ஆனால் பாறையேறுவதில் அவர் குழந்தை மேதை. எட்டு வயதில் கனடாவின் மவுண்ட் டெம்பிள் என்ற மலையில் ஏறியவர். பதினேழு வயதில் அமெரிக்காவின் சிறந்த பாறையேறிகளில் ஒருவர் என்று பெயர் எடுத்துவிட்டார்.

1982 ஜனவரியில் ஹெர்ரும் அவருடைய இருபது வயது நண்பரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மவுண்ட் வாஷிங்டனுக்குப் போனார்கள். உயரம் 1,917 மீட்டர்தான். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. ஆனால் காற்றுக்குப் பேர்போன மலை. 1934இல் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று அளக்கப்பட்டிருக்கிறது. இருவரும் ஹன்டிங்டன் பள்ளத்தின் பனிச்சுவரில் ஏறி முடித்த நேரத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எதிரே எதுவும் தெரியவில்லை. இறங்குவதாக நினைத்து மலையின் மறுபக்கத்தில் கிரேட் கல்ஃப் என்ற ஆளற்ற பள்ளத்தாக்குக்குள் போய்விட்டார்கள். ஓடையின் மேல் படிந்திருந்த பனித்தகடு உடைந்து ஹெர்ரின் கால்கள் நனைந்தன. பாறை மறைவில் மரக்கிளைகளை ஒடித்துப் போட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மூன்று இரவுகள் கிடந்தார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 29 டிகிரி வரை போனது.

அவர்களைத் தேடிப் போன தன்னார்வலர்களில் ஆல்பர்ட் டவ் ஒருவர். வயது 28. தேடலின்போது பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். பையன்கள் இருவரும் அந்தப் பக்கத்திலேயே இல்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மறுநாள், பனிக்காலணி அணிந்து அந்தப் பள்ளத்தாக்கில் நடந்துபோன ஒரு பெண்மணி தற்செயலாகக் காலடித் தடங்களைப் பார்த்து இருவரையும் கண்டுபிடித்தார்.

ஹெர்ரின் கால்களைக் காப்பாற்ற மருத்துவர்கள் முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. இனி மலையேற முடியாது என்றும் சொன்னார்கள். கால் போன துக்கத்தைவிட, தனக்காக ஒருவர் செத்துப்போனார் என்ற பாரம்தான் பெரிதாக இருந்தது என்பதை ஹெர் பிற்காலப் பேட்டிகளில் ஒளிக்கவில்லை. இந்த உயிருக்கு ஈடாக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிடித்திருக்கிறது.

அவருடைய முதல் கேள்வி மிகவும் சின்னது. செயற்கைப் பாதம் ஏன் மனிதப் பாதம் போலவே இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் கொடுத்த பாதம் பார்வைக்குப் பாதம்போல இருந்தது. பாறையில் அது உதவவில்லை. ஆகவே தன் தேவைக்குத் தானே வடிவமைக்கத் தொடங்கினார். நாணயத்தின் அகலமே உள்ள விளிம்பிலும் நிற்கக்கூடிய விறைப்பான சிறு பாதம்; பாறை இடுக்கில் ஆப்புபோலச் செருகும் பாதம்; பனிச்சுவரில் குத்தி ஏற டைட்டானியக் கூர்முனை வைத்த பாதம். காலின் நீளத்தையும் வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர் கட்டையைக் கட்டிக்கொண்டு உயர்வதைப் போல ஹெர்ரும் எட்டாத பிடி இருந்தால் உயர்ந்துகொண்டார். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள்ளாகவே மறுபடி ஏறினார். முன்பு ஏற முடியாத பாறைகளிலும் ஏறினார். இது நியாயமில்லை என்று போட்டியாளர்களில் சிலர் முணுமுணுத்தார்களாம். பரிதாபம் போய்ப் பொறாமை வந்தது என்று இதை ஹெர் சந்தோஷமாகவே சொல்வார்.

ஆனால் பாறையில் சிங்கம், சமதரையில் நொண்டி. சதையும் எலும்பும் முடிகிற இடத்தில் செயற்கைக் காலின் கிண்ணம் உரசி உரசிப் புண்ணாகும். செயற்கைக் கால் போட்ட யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இதைச் சரிசெய்யக் கணக்கும் இயற்பியலும் தெரிய வேண்டும் என்று புரிந்ததும், பள்ளியில் படிக்காத பையன் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். சொந்த ஊர்ப் பக்கத்து மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம், 1990இல். காற்றடைத்து இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் கிண்ணத்துக்கு அந்த வருடமே காப்புரிமை. பிறகு எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியலில் முதுகலை, ஹார்வர்டில் உயிர் இயற்பியலில் 1998இல் டாக்டர் பட்டம். கடைசியில் எம்.ஐ.டி.யிலேயே சொந்தமாக ஓர் ஆய்வுக்குழு.

அங்கே அவருடைய முதல் பெரிய வேலை முழங்கால். தொடையோடு கால் போனவர்களுக்கான இந்த மூட்டு உந்த வேண்டியதில்லை. நன்றாகப் பிரேக் பிடித்தால் போதும். நடக்கும்போது முழங்காலின் முக்கிய வேலையே அதுதான்: நிற்கும்போது மடங்காமல் தாங்க வேண்டும், காலை வீசும்போது தளர்ந்து கொடுக்க வேண்டும். நான் பஸ் பணிமனையில் முப்பது வருடம் ஷாக் அப்சார்பரோடு மாரடித்தவன் என்பதால் இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் சிறு துளை வழியே போகும். துளையின் அளவுதான் தடை. ஹெர்ரின் முழங்காலில் இருந்த எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருந்தன. மின்காந்தத்தை இயக்கினால் அந்தத் துகள்கள் வரிசைகட்டி நிற்கும், எண்ணெய் கூழாகிவிடும். நிறுத்தினால் மறுபடி எண்ணெய். எல்லாம் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள். 1948இல் ஜேக்கப் ராபினோ என்பவர் கிளட்சுக்காகக் கண்டுபிடித்த திரவம் அது. மூட்டில் பதித்த சென்சார்கள் கோணத்தையும் பாரத்தையும் அளக்க, ஒரு சிறு கணினி எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று முடிவு செய்யும். நடப்பவரின் நடையை அதுவே கற்றுக்கொள்ளும். ஐஸ்லாந்தின் ஆசூர் நிறுவனம் இதை 'ரியோ நீ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2004இல் 'டைம்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது.

பிரேக் ஆயிற்று. இனி எஞ்சின் வேண்டும்.

கணுக்காலுக்கு மோட்டார் வைப்பது கேட்க எளிது. மனிதனின் கணுக்காலும் பாதமும் சேர்ந்து இருக்கும் எடைக்குள், ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குள், மோட்டாரும் பேட்டரியும் கணினியும் அடங்க வேண்டும். கெண்டைக்கால் தசை கால் நொடிக்குள் கொடுக்கும் உதையை அந்த மோட்டாரும் கொடுக்க வேண்டும். வெறும் மோட்டாரால் இது ஆகாது. ஹெர்ரும் மாணவர் சாமுவேல் ஆவும் கண்ட வழி, மோட்டாரோடு ஸ்பிரிங்கைச் சேர்ப்பது. உடம்பு பாதத்தின் மேல் உருளும்போதே மோட்டார் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிச் சேமிக்கும். தள்ள வேண்டிய கணத்தில் அத்தனையும் விடுபடும். வில்லை இழுத்து வைத்து அம்பை விடுவது போல. மனிதக் காலிலும் தசைக்கும் குதிகாலுக்கும் இடையே ஒரு நீண்ட நரம்புக்கயிறு, அதாவது தசைநாண், இதே வேலையைத்தான் செய்கிறது.

முதல் சோதனைகளில் இந்தக் கணுக்காலோடு நடந்தவர்களுக்கு ஆன சக்திச் செலவு, பழைய பாதத்தோடு நடந்ததைவிட சராசரியாக 14 சதவீதம் குறைந்தது. 2012இல் வந்த ஆய்வுக் கட்டுரையில், அதை அணிந்தவர்கள் கால் இழக்காதவர்களின் அதே செலவில், அவர்களுக்குப் பிடித்தமான அதே வேகத்தில் நடந்தார்கள் என்று ஹெர்ரும் அலினா கிராபோவ்ஸ்கியும் எழுதினார்கள். ஹெர் தொடங்கிய நிறுவனம் இதை பயோம் என்ற பெயரில் விற்றது. 2017இல் அந்த நிறுவனத்தை ஜெர்மனியின் ஆட்டோபாக் வாங்கிக்கொண்டது.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது நினைவிருக்கும். அதில் இடது காலை இழந்தவர்களில் ஒருவர் ஏட்ரியான் ஹாஸ்லெட் டேவிஸ் என்ற நடன ஆசிரியை. ஹெர்ரின் குழுவினர் இருநூறு நாட்கள் அவருக்காக வேலை செய்தார்கள். நடனக் கலைஞர்களை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, தரையை அவர்கள் எப்படி மிதிக்கிறார்கள், எவ்வளவு விசையோடு தள்ளுகிறார்கள் என்று அளந்து, அதைக் கணுக்காலில் ஏற்றினார்கள். 2014 மார்ச்சில் மேடையில் அவர் ரும்பா ஆடினார். அந்தக் காணொளியைப் பார்க்கும்போது எனக்கு நம் சுதா சந்திரன்தான் நினைவுக்கு வந்தார். இவருக்குக் கால் சேர்ந்து ஆடியது. நம்மவர் அசையாத ரப்பர் பாதத்தோடு, எல்லாவற்றையும் தன் தொடையாலும் இடுப்பாலும் ஈடுகட்டி ஆடியிருக்கிறார். இப்போது யோசித்தால் அதன் கடுமை இன்னும் நன்றாகப் புரிகிறது.

கால் உள்ளவர்களுக்கான 'அணியும் எந்திரம்' ஆராய்ச்சியிலும் ஹெர் இறங்கினார். அதன் வரலாறு பெரும்பாலும் தோல்விகளின் வரலாறு. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த ஹார்டிமேன் என்ற இரும்புச் சட்டை முக்கால் டன் எடை. முழுதாக ஒருநாளும் நடந்ததில்லை. ஹெர்ரின் குழு 2007இல் செய்த கால்சட்டகம் முதுகுச் சுமையின் பெரும்பகுதியைத் தரைக்கே கடத்தியது. அழகான வேலைதான். ஆனால் அதை அணிந்தவரின் மூச்சை அளந்தால், அணியாமல் சுமப்பதைவிட 10 சதவீதம் கூடுதல் சக்தி செலவானது! அந்தக் கணக்கை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். மனித நடை அவ்வளவு சிக்கனமானது; அதில் எதைக் கொண்டுபோய் மாட்டினாலும் கெடுத்துவிடுகிறது. ஏழு வருடம் கழித்து, பெரிய சட்டகத்தை விட்டுவிட்டு, கணுக்காலுக்கு மட்டும் சரியான கணத்தில் உந்து கொடுக்கும் இலகுவான கருவியைச் செய்தார்கள். 23 கிலோ சுமையோடு நடந்தவரின் செலவு 8 சதவீதம் குறைந்தது. மறுபடியும் கணுக்கால்தான்.

விலைக்கு வருகிறேன். மோட்டார் கணுக்கால் ஒன்றுக்கு ஏறத்தாழ 50,000 டாலர். பேட்டரி நாள்பூராவும் தாங்காது; மாற்ற வேண்டும். அமெரிக்காவிலேயே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரிக்கும்போது நம் ஊரில் யார் வாங்குவது? நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் வெளியிட்ட 'கதம்' என்ற முழங்கால் மூட்டில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பல அச்சுகளில் மடங்கும் இணைப்புகளின் அமைப்பை வைத்தே நடையைச் சீராக்குகிறார்கள். நம் தேவைக்கு அந்தப் பாதைதான் இப்போதைக்குச் சரி என்பது என் அபிப்பிராயம். ஹெர்ரைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் நேர்மையாக இருக்காது.

ஆனால் அவருடைய கடைசிக் கேள்வி மோட்டார் பற்றியது அல்ல. எவ்வளவு நல்ல கணுக்காலைப் பொருத்தினாலும், அணிந்தவருக்கு அது தன் கால் என்ற உணர்வு வரவில்லை. கண்ணை மூடினால் பாதம் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஏன்? தவறு எந்திரத்தில் இல்லை, காலை வெட்டிய விதத்தில் இருக்கிறது என்று ஹெர் சொன்னார். கால் துண்டிப்பு அறுவை சிகிச்சை அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்திலிருந்து அடிப்படையில் மாறவே இல்லை என்பது அவர் வாதம். நூற்றைம்பது வருடமாக எல்லாரும் வெட்டிய இடத்தில் எதை மாட்டுவது என்று யோசித்தார்களே தவிர, எப்படி வெட்டுவது என்று யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். நம் தசைகள் ஜோடியாக வேலை செய்பவை. கெண்டைக்கால் தசை சுருங்கினால் முன்பக்கத் தசை நீளும். முன்பக்கம் சுருங்கினால் பின்பக்கம் நீளும். கிணற்று ராட்டினத்தில் ஒரு பக்கக் கயிறு இறங்கினால் மறுபக்கம் ஏறுவது போல. தசை எவ்வளவு நீண்டது என்று உள்ளே இருக்கும் நுண்ணுணர்விகள் மூளைக்குச் சொல்கின்றன. பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவது இப்படித்தான். காலை வெட்டும்போது இந்த ஜோடியும் அறுந்துபோகிறது. இரு தசைகளும் தனித்தனியே கட்டப்பட்டு, நீளவும் முடியாமல் சுருங்கவும் முடியாமல் கிடக்கின்றன. மூளை காலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இல்லாத காலில் வலிக்கிறது என்று பலர் சொல்வது இதனோடு தொடர்புடையது.

ஹெர்ரும் பாஸ்டனைச் சேர்ந்த அறுவை நிபுணர் மேத்யூ கார்ட்டியும் சேர்ந்து செய்தது, வெட்டும்போதே அந்த இரு தசைகளின் முனைகளையும் ஒன்றோடொன்று தைத்துவிடுவது. ஒன்று சுருங்க மற்றொன்று நீளும். ராட்டினம் மறுபடி ஓடும். 2016இல் இதை முதலில் செய்துகொண்டவர் ஜிம் யூயிங். இவரும் பொறியாளர், பாறையேறி, ஹெர்ரின் பழைய நண்பர். கேமன் தீவில் பாறையிலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கியவர். அவருடைய தசைகளின் மின்துடிப்பைத் தோலின் மேல் ஒட்டிய மின்முனைகளால் எடுத்து எந்திரக் கணுக்காலுக்குக் கொடுத்தபோது, நினைத்த மாத்திரத்தில் பாதம் அசைந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. விழுந்த அதே தீவுக்குப் போய் மறுபடி பாறை ஏறினார். இந்த அறுவை சிகிச்சைக்கு இப்போது அவர் பெயரே வழங்குகிறது.

2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் பதினான்கு பேரை வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. ஏழு பேர் புது முறையில் கால் எடுக்கப்பட்டவர்கள், ஏழு பேர் பழைய முறை. எல்லோருக்கும் ஒரே எந்திரக் கால், தசைத் துடிப்பால் இயங்குவது. புது முறைக்காரர்கள் மற்றவர்களைவிட 41 சதவீதம் வேகமாக நடந்தார்கள். கால் இழக்காதவர்களின் வேகத்தை எட்டினார்கள். எந்திரம் ஒன்றே, வித்தியாசம் தையலில்தான்.

இந்தத் தையலுக்கு 50,000 டாலர் கணுக்கால் கட்டாயமில்லை. சாதாரணச் செயற்கைக் கால் போடுபவருக்கும் வலி குறைகிறது, மிச்சமுள்ள தசை வற்றாமல் இருக்கிறது என்று கார்ட்டியின் குழு எழுதியிருக்கிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் காலில்தான் இது கைகூடும்; ஆகவே சர்க்கரை நோயால் கால் எடுக்க நேரும் எல்லோருக்கும் பொருந்தாது. சாலை விபத்துகள் மலிந்த நம் ஊரில், விபத்தில் கால் போகும் இளைஞர்களுக்குப் பொருந்தும். மோட்டார் வராவிட்டாலும் இந்த ஊசியும் நூலும் நம் அரசு ஆஸ்பத்திரிகள் வரை வரக்கூடியவை.

ஹெர்ருக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கருப்பு உலோகக் கால்கள் வெளியே தெரியும்படி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டுதான் மேடையேறுகிறார். அந்த மோட்டார்களைத் தாங்கும் அவருடைய சொந்தக் கால்கள் 1982இல், பதினேழு வயதில், பழைய முறையில் வெட்டப்பட்டவை. மவுண்ட் வாஷிங்டனின் ஹன்டிங்டன் பள்ளத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மலையில் சிக்கியவர்களை மீட்க வேண்டிய சாமான்களும் முதலுதவிப் பொருட்களும் அதில் இருக்கும். ஆல்பர்ட் டவ் நினைவாக வைத்தது.